மூன்றாம் தட்டு

விலங்கியல் காட்சியறைச் சாவிக்கொத்து
பதினேழு வருடமாக என் இடுப்பில்.
ஜூனில் கல்லூரி திறக்கும் முன்
ஜாடி ஜாடியாகத் திறந்து
வற்றியதற்கு ஃபார்மலின் ஊற்றுவேன்,
மெழுகு உருக்கி வாயடைப்பேன்.
கண் எரியும். அவ்வளவுதான் வேலை.

மூன்றாம் தட்டில் சாலமாண்டர்.
சீட்டில் டார்ஜிலிங் என்றிருக்கிறது, வருடம் அழிந்துவிட்டது.
பல்லி மாதிரி, ஆனால் பல்லி இல்லை.
சுட்ட கத்தரிக்காய்த் தோலின் நிறம்.
விரல்களை விரித்துக் கண்ணாடியில் ஊன்றி
யாரோ கதவு திறக்கப்போவதுபோல் நிற்கும்.
அதற்குக் குரலே கிடையாதாம்,
உயிரோடு இருந்தபோதும்.
பெனாசிர் சொன்னாள்.

மேலூர்ப் பெண். ஆராய்ச்சி மாணவி.
அழகர்மலையில் ஒரு தவளை இருக்கிறதக்கா,
இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை என்றாள்.
டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்;
துணைக்குப் பொம்பளை இல்லாமல்
அவள் அம்மா ராத்திரியில் அனுப்பமாட்டார்.
போனேன்.

ஐப்பசி. கடைசி பஸ் இறங்கிப்போன பிறகு
ராக்காயி அம்மன் சன்னதி தாண்டி மேலே.
முன்னால் வாட்சர் ஒச்சுக்காளை.
தீர்த்தம் வழிந்தோடும் பாதையெல்லாம்
ஷாம்பு உறை, சீயக்காய்ப் பொட்டலம்,
யாரோ பிழிந்து மறந்துபோன துண்டு.

முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவு பெனாசிர் வழுக்கி விழுந்தாள்,
முழங்கையில் ரத்தத்தோடு சிரித்தாள்.
மூன்றாம் இரவு, மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில்,
டிக்.
மேசைமேல் சாவி வைத்த சத்தம்.
டிக், டிக்.
விளக்கை அணைங்க என்றாள்.

இருட்டில் நின்றோம். காதோடு சொன்னாள்:
இதற்கு வாலோடு நீந்தும் பருவமே இல்லை.
இலையில் முட்டை,
முட்டைக்குள்ளேயே கால், கண், தொண்டை எல்லாம்.
குளம் வேண்டாம், ஆறு வேண்டாம்,
நனைந்த இலை போதும்.
இலை நாலு நாள் காய்ந்தால் போச்சு.
இந்த ஓடை தவிர வேறெங்கும் இதைக் கேட்கவில்லை.
கீழே வெயில், மேலே மொட்டைப் பாறை.

எனக்குச் சித்திரை ஞாபகம் வந்தது.
தவளையாகும்படி சபிக்கப்பட்ட முனிவனுக்காக
இந்த மலையிலிருந்துதான்
கள்ளர் வேடத்தில் அழகர் வைகைக்குப் போகிறார்.
எத்தனை மண்டகப்படி, எத்தனை லட்சம் தலை.
அந்நேரம் இது
ஏதோ கல்லிடுக்கில் வாய்மூடிக் கிடந்திருக்கும்.
தவளையாக இருப்பது சாபம் என்று
இதனிடம் யாரும் சொல்லவில்லை.

விளக்கைப் போட்டோம்.
கட்டைவிரல் நகம் அளவு.
முதுகில் பாசி நிறம், தொண்டை மட்டும்
பபிள்கம்போல் ஊதி அடங்கியது.

அனுமதிக் கடிதத்தில் ஒன்று என்றிருந்தது.
ஒன்றை எடுத்தால்தான் பேர் வைக்க முடியும்,
பேர் இருந்தால்தான் ஓடையில் குழாய் பதிக்க வருகிறவர்களிடம்
பேச முடியும்.
இதை பெனாசிர் என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.
நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

டப்பாவைத் திறந்து பிடித்தது நான்தான்.
இறங்கும்போது என் பைக்குள்ளிருந்து ஒரே ஒருமுறை,
டிக்.
ஒச்சுக்காளை நின்று திரும்பிப் பார்த்தார்.
பிறகு நடந்தார்.

இப்போது ஜூன்.
கட்டுரையை எங்கேயோ அனுப்பியிருக்கிறாள், பதில் இல்லை.
சாலமாண்டருக்கு இடப்பக்கம் சின்ன ஜாடி,
சீட்டில் வெறும் எண்.
இருநூற்றுப் பதினோரு ஜாடிகள்.
எல்லாம் எனக்குப் பழக்கம்,
யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதன் மூடியைத் திருகும்போது மட்டும்
இடுப்புச் சாவிக்கொத்து ஆடிவிடாமல்
ஒரு கையால்
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.